எள்ளலும் எள்ளப்படுதலும்

மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் நகையையே முதலில் வைத்தார். வடமொழி நாட்டிய சாத்திரம் காதற்சுவையாகிய சிருங்காரத்தை முதலில் வைக்க, தமிழ் நூல் நகையை முன்னிறுத்தியமை எண்ணிப் பார்க்கத்தக்கது. அந்நகை பிறக்கும் நிலைக்களங்கள் நான்கு என்பதும் அவர் கருத்து. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. இவற்றுள் எள்ளலை விளக்கப் புகுந்த உரையாசிரியர் பேராசிரியர் அதனை இரண்டாகப் பகுப்பார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதல் மற்றொன்று.

முன்னது எளிது, சிறு குழந்தையும் செய்யும். பின்னது அரிது. பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்புக்காக வேற்று மொழி வழங்கும் நகரில் குடியேறியவர்க்கோ அஃது அன்றாடத் தேவை. கடைக்காரர் நம் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? உடன் சிரிக்கிறோமா, தலை குனிகிறோமா, சினக்கிறோமா? இவ்வினாவை எழுபது வயதில் மீண்டும் எம் முன் நிறுத்தியது அண்மையில் ஓரிரவு.

மும்பை அந்தேரியில், ஒரு மாடிக் கூடத்தில், ஸ்டாண்டப் காமெடி எனப்படும் தனியாள் நகைச்சுவை நிகழ்ச்சிக்கு எம் மகன் எம்மை அழைத்துச் சென்றான். பட்டிமன்றத்துக்கும் இசையரங்குக்கும் சென்று பழகிய யாம் தயங்கியே சென்றோம். சென்று கண்டதையும், கண்டு எண்ணியதையும் இம்மலரைப் படிக்கும் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது பயனுடையது எனக் கருதுகிறோம்.

கூடமும் கலையும்

திரையில்லை, ஒப்பனையில்லை, பக்கவாத்தியம் இல்லை. செங்கற் சுவர் ஒன்று. அதன்முன் ஓர் ஒலிவாங்கி. அருகே ஒரு முக்காலி. அதன்மேல் ஒரு தண்ணீர்ப் புட்டி. எதிரே எண்பது நாற்காலிகள். அன்று ஐவர் அடுத்தடுத்துப் பேசினர். புதியவர்க்குச் சில நிமிடங்களே. நேரம் முடியும் தறுவாயில் கூடத்தின் பின்புறம் ஒரு சிறு விளக்கு எரியும். பேசுபவர் முடித்துக்கொள்ள வேண்டும். நம் சங்க மேடைகளிலும் அவ்விளக்கு ஒன்று இருந்தால் நன்று என்று எண்ணாதிருக்க இயலவில்லை.

இக்கலைக்கென்றே அமைந்த கூடங்கள் இந்நகருக்குப் புதியவை. இலண்டனில் 1979-ஆம் ஆண்டு தோன்றிய ‘காமெடி ஸ்டோர்’ என்னும் அரங்கம், 2010-ஆம் ஆண்டு மும்பை லோயர் பரேலில் ஒரு கிளை திறந்தது. அது திறக்கப்பட்ட இடம் பீனிக்ஸ் பஞ்சாலையின் பழைய நிலம். 1982-ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் அப்பகுதியின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. சங்கொலி கேட்டு மக்கள் வேலைக்கு விரைந்த இடத்தில், சீட்டு வாங்கிச் சிரிக்க மக்கள் கூடினர். அக்கூடம் பின்னர்ப் பெயர் மாறியது. அதனையொட்டி நகரெங்கும் சிறு கூடங்கள் பல எழுந்தன.

கூடம் புதிது, கலை முற்றிலும் புதிதா? அன்று. தெருக்கூத்தின் கட்டியக்காரன் வேந்தன் கதையை நடுவில் நிறுத்தி, அவையோரைப் பார்த்துப் பேசுபவன். அவர்கள் ஊரையும் பேரையும் இழுத்துக் கேலி செய்பவன். கேரளத்தின் சாக்கியார் கூத்தில் ஒற்றைக் கலைஞர் புராணம் சொல்லிக்கொண்டே எதிரில் அமர்ந்திருப்பவரையும் எள்ளுவார்; அதற்காக அவரை எவரும் சினத்தல் கூடாது என்பது மரபு. கதாகாலட்சேபத்திலும் தனி ஒருவரே நின்று, பாடி, பேசி, பல குரலில் நடித்து அவையைக் கட்டியாள்கிறார். அவ்வடிவைக் கையிலெடுத்துக் கல்வி வேட்கை கொண்ட ஒரு சிறுவன் கதையைக் ‘கிந்தனார்’ என்னும் பெயரில் சொல்லிச் சிரிக்கவும் நாணவும் வைத்தார் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். 1949-இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ திரைப்படத்திலும் அது இடம்பெற்றது. நம் காலத்தில், 2019-இல் இணையவழி வெளிவந்த ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’ நிகழ்ச்சியில் அலெக்சாண்டர் பாபு தமிழ்த் திரையிசையைப் பாடிப்பாடி நகை விளைத்ததைப் பார்த்தவர், காலட்சேபத்தின் பேரன் ஒருவனைக் கண்டோம் என்றே உணர்ந்திருப்பர்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சாக்கியாருக்கு மரபு அளித்த காப்பு இன்றைய கலைஞர்க்கு இல்லை. 2025 மார்ச்சில் மும்பை கார் பகுதியில் ‘ஹாபிடாட்’ என்னும் கூடம், அங்குப் பதிவு செய்யப்பட்ட ஓர் அரசியல் நையாண்டியின் பொருட்டுத் தாக்கப்பட்டது. ஆள்வோரை எள்ளுதல் இடர் பயக்கும் என்று கண்ட இளைஞர் பலர், எள்ளுதற்குரிய பொருளைத் தேடித் தத்தம் வீட்டுக்கே திரும்புகின்றனர். தந்தை வழக்குத் தொடுக்க மாட்டார். தாய் நாற்காலிகளை உடைக்க மாட்டாள். ஆகவே மேடைதோறும் இன்று எள்ளப்படுவோர் பெற்றோரே. குடிபெயர்ந்த குடும்பங்களாகிய நமக்கு இக்கலை ஏன் நெருக்கமானது என்பது இதனாற் புலப்படும். அம்மேடையில் நிற்பவர் நம் மக்கள். அவர்கள் பேசும் பொருள் நாம்.

முதல் தமிழர்

ஐவருள் இருவர் தமிழர். பெயர்களை யாம் இங்குக் குறிக்கவில்லை. வளரும் பருவத்தினரின் ஓரிரவுப் பேச்சை அவர் பெயரோடு சேர்த்துக் கட்டிவைத்தல் முறையன்று.

முதலாமவர் ஓர் இளைஞர். ஒலிவாங்கியைக் கையிலெடுத்ததும், ‘நான் மதராஸி’ என்று இந்தியில் தொடங்கினார். அவை சிரித்தது. தலையை இடவலமாக ஆட்டினார், சிரித்தது. ‘ஐயோ’ என்றார், மீண்டும் சிரித்தது. இட்டிலி, சாம்பார், தேங்காயெண்ணெய், லுங்கி ஆகிய நான்கும் வரிசையாக வந்தன. அவருடைய தந்தையும் வந்தார். ஆயின் அத்தந்தை எங்கு வேலை பார்த்தார், எதை விரும்பினார், எதற்கு அஞ்சினார் என்பது ஒன்றும் நமக்குத் தெரியவில்லை. அவருக்கு ஒரு குரல் இருந்தது. அக்குரலுக்குச் சொல்ல ஒரு செய்தியும் இல்லை. எட்டு நிமிடங்களும் கூடம் அதிர்ந்தது. எம் மகனும் சிரித்தான். சிரித்துவிட்டு எம்மைத் திரும்பிப் பார்த்தான். அப்பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. யாமும் சிரித்து வைத்தோம்.

அந்தச் சிரிப்பை யாம் முன்பே அறிவோம்.

1968-ஆம் ஆண்டு ‘படோசன்’ என்னும் இந்திப் படம் வெளிவந்தது. அப்போது யாம் மாதுங்காவில் பள்ளிச் சிறுவர். 1966-இல் சிவசேனை தோன்றியதைத் தொடர்ந்து தென்னிந்தியரை எதிர்த்து இந்நகரில் முழக்கங்கள் எழுந்த காலம் அது. நாம் உடுத்த லுங்கியே அம்முழக்கங்களில் இழிபொருளாயிற்று. ‘மதராஸி’ என்னும் சொல் ஊர்ப்பெயராக அன்றி வசைச்சொல்லாகவே தெருவில் எம் செவியில் விழுந்தது. அந்நாளில்தான் எம் தந்தையார் எம்மை அப்படத்துக்கு அழைத்துச் சென்றார்.

அதில் மெஹ்மூத் என்னும் பெரும் நகைச்சுவை நடிகர் மாஸ்டர் பிள்ளை என்ற தென்னாட்டு இசையாசிரியராக வருகிறார். குடுமி, திருநீறு, வளைந்து நெளியும் இந்தி. கதைத்தலைவியைக் கவரும் பொருட்டு அவருக்கும் கதைத்தலைவனுக்கும் சன்னலுக்குச் சன்னல் ஒரு பாட்டுப் போட்டி நிகழ்கிறது. கதைத்தலைவனாகிய சுனில் தத்துக்குப் பாடவே வராது. அவர் வாயை மட்டும் அசைக்கிறார். மறைந்திருந்து பாடுபவர் அவர் நண்பராகிய கிஷோர் குமார். மாஸ்டர் பிள்ளையோ சொந்தக் குரலிற் பாடுகிறார், போட்டியில் தோற்கிறார். அரங்கு குலுங்கிச் சிரிக்கிறது.

எம் தந்தையார் எல்லார்க்கும் முன்னதாகச் சிரித்தார். பக்கத்து இருக்கையினர் தம்மைப் பார்ப்பதற்கு முன் சிரித்துவிட வேண்டும் என்ற விரைவு அச்சிரிப்பில் இருந்ததென இன்று உணர்கிறோம். வீடு திரும்பும் வரை அவர் ஒன்றும் பேசவில்லை. இரவு உணவின்போது அம்மாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: “அத்தனை பேர்லயும் பாடத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்.”

திறனாய்வு பல நூல்களில் யாம் படித்ததுண்டு. ஆயினும் எள்ளற் கலைக்கு அதனினும் சிறந்த ஓர் அளவுகோலை யாம் கண்டதில்லை. மெஹ்மூதின் நடிப்பாற்றலை யாரும் மறுக்கவியலாது. அவர் நடித்த பாத்திரத்துக்கு மன்னா டே தந்த குரலின் செறிவையும் மறுக்கவியலாது. ஆனால் அக்காட்சியில் நாம் சிரிப்பது கலை அறிந்தவனைப் பார்த்து. நாம் வாழ்த்துவது கலை அறியாமல் இரவற்குரலில் நிற்பவனை. அறிந்தவனின் அறிவை உச்சரிப்பு மறைத்துவிடுகிறது. எள்ளல் அடங்கிய பின் எள்ளப்பட்டவனிடம் அவனுக்குரிய அறிவும் அன்பும் எஞ்சி நிற்கின்றனவா? நிற்பின் அது நல்ல நகை. நில்லாவிடின் அது பறிப்பு.

அந்தேரியில் யாம் கண்ட முதல் இளைஞர் மாஸ்டர் பிள்ளையைத்தான் மீண்டும் மேடையேற்றினார். வேறுபாடு ஒன்றே. அன்று நம்மைப் போல நடித்தவர் வேற்றவர். இன்று நம் வீட்டுப் பிள்ளையே நடிக்கிறார். ‘நம்மவரே நம்மைக் கேலி செய்தால் அது தன்னை எள்ளிக்கொள்ளுதல் ஆகாதா?’ என்று கேட்கலாம். ஆகாது. அவ்விளைஞருடைய இந்தியில் ஒரு பிழையுமில்லை. அவர் தம்மை அவையோரின் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு தம் தந்தையை எதிர்ப்பக்கத்தில் நிறுத்தினார். பேராசிரியர் சொன்ன முதல் வகையே அது. குருதியுறவு இருப்பதனால் அது இரண்டாம் வகையாகிவிடாது. வசைச்சொல்லை எடுத்துப் பட்டப்பெயராக்கிக்கொள்ளும் துணிவு இழிவானதன்று. 2017-இல் அரவிந்த் எஸ். ஏ. தம் நிகழ்ச்சிக்கு ‘மதராஸி டா’ என்றே பெயரிட்டார். அப்பெயரின் இறுதியிலுள்ள ‘டா’ என்னும் ஓரெழுத்திலேயே நிமிர்வு இருக்கிறது. சொல்லை எடுப்பவர் நிமிர்ந்து எடுக்கிறாரா, குனிந்து எடுக்கிறாரா என்பதே வினா.

இரண்டாம் தமிழர்

நான்காவதாக வந்தவர் ஓர் இளம்பெண், டோம்பிவிலியில் வளர்ந்தவர். அவரும் தந்தையின் இந்தியைத்தான் பேசுபொருளாக எடுத்தார். ‘மீண்டுமா?’ என்று எம் உள்ளம் சலித்தது. ஆனால் அவர் தொடங்கியது உச்சரிப்பிலிருந்தன்று, ஒரு குறிப்பேட்டிலிருந்து.

அவருடைய தந்தை மும்பைக்கு வந்த புதிதில், கேட்ட இந்திச் சொற்களையெல்லாம் தமிழெழுத்தில் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி மனப்பாடம் செய்தாராம். இந்தியில் உணவைக் குறிக்கும் சொல்லும் பாட்டைக் குறிக்கும் சொல்லும் தமிழில் எழுதினால் ‘கானா’ என ஒன்றாகவே அமையும். ‘உண்டாயா’ என்பதும் ‘பாடினாயா’ என்பதும் ‘காயா’ என்றே அமையும். நம் எழுத்துக்கு அவ்வொலி வேற்றுமை தேவைப்பட்டதில்லை. ஆகவே, ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்க எண்ணிய அத்தந்தை, அண்டை வீட்டாரையும் அலுவலகத் தோழரையும் மேலதிகாரியையும் முப்பது ஆண்டுகளாக ‘பாட்டுப் பாடினாயா?’ என்று கேட்டு வந்தார். மேலதிகாரி ஒருநாள் உண்மையாகவே பாடிவிட்டார் என்று அப்பெண் சொன்னபோது கூடம் அதிர்ந்தது. யாம் வாய்விட்டுச் சிரித்தோம்.

அடுத்து அவர் இந்தியின் பாலிலக்கணத்துக்கு வந்தார். அங்கு நாற்காலி பெண், கதவு ஆண். தந்தையோ இரண்டையும் மாற்றிவிட்டார். ‘எங்கள் வீட்டில் மரச்சாமான்கள் பால் மாறி வாழ்ந்தன’ என்றார் அவர். இவ்விடத்தில் ஒரு குறையைச் சுட்ட வேண்டும். தந்தை ஏன் தவறினார் என்பதை அவர் தொடவில்லை. பொருள்களை உயர்திணை, அஃறிணை என முதலில் பிரித்தே தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்குகிறது. நாற்காலியும் கதவும் நமக்கு அஃறிணை; அவற்றுக்கு ஆண்மையும் இல்லை, பெண்மையும் இல்லை. ஆகவே அவர் தந்தையின் பிழை அறியாமையன்று. வேறோர் இலக்கணத்தை உள்ளத்தே காத்து வைத்திருந்ததன் விளைவு. பிழைக்குள் ஒரு மொழி முழுவதும் ஒளிந்திருந்தது. அதை அப்பெண் அறிந்திருந்தால், அவையை நோக்கி, ‘நாற்காலி பெண் என்று உங்களுக்கு யார் சொன்னார்?’ என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். நகை இரட்டித்திருக்கும். தமிழ் படியாமை நகைச்சுவைக்கும் இழப்பே.

வேறு குறைகளும் உண்டு. இழிசொற்களைத் தேவையின்றிப் பெய்தார். பேச்சின் ஓட்டம் தளரும் இடங்களில் எல்லாம் அவை முட்டுக்கட்டைகளாக நின்றன. தமிழ்ச் சொல் ஒன்று சொன்னால் உடனே அதற்கு ஆங்கிலத்தில் பொருள் சொன்னார். விளக்கப்பட்ட நகை வாடிய பூ. புரியாதவர் சிலர் புரியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிடும் துணிவு கலைஞர்க்கு வேண்டும்.

ஆயினும் அவருடைய முடிவு இக்குறைகளையெல்லாம் மறக்கச் செய்தது. ஒரு சிறுகுறிப்பை முன்னர்ப் போட்டுவைத்து, கேட்போர் அதை மறந்திருக்கும் நேரத்தில் மீண்டும் எடுத்துவருவது இக்கலையின் உத்திகளுள் தலையாயது. அவரும் அதையே செய்தார். தந்தை ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூருக்குத் திரும்பிவிட்டார். தாம் மட்டும் இந்நகரில் ஒரு தனியறையில் வாழ்வதாகச் சொன்னார். பின்னர், குரலை உயர்த்தாமல், “என் இந்தி இப்போது மிகவும் சரியாக இருக்கிறது. ‘சாப்பிட்டாயா’ என்று ஒரு பிழையும் இல்லாமல் கேட்க எனக்குத் தெரியும். கேட்பதற்குத்தான் வீட்டில் ஆளில்லை” என்றார். சிறிது நிறுத்தி, “பாடினாயா என்று கேட்கவும் ஆளில்லை” என்றார்.

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. எழுந்து பாதியில் நின்றது. அவ்விடத்தில்தான் இக்கலையின் உயரத்தைக் கண்டோம். தந்தையின் பிழையைப் பார்த்து எட்டு நிமிடம் சிரித்த நாம், அப்பிழை ஒரு நலவினாவின் பிழை என்பதை இறுதியில் உணர்ந்தோம். முப்பது ஆண்டுகளாக எதிர்ப்பட்டவரையெல்லாம் உண்டாயோ என்று கேட்ட ஒருவரை யார் எள்ள முடியும்? எள்ளல் அடங்கியது, தந்தை எஞ்சி நின்றார். மேலும், அப்பெண் தம்மையும் விட்டுவைக்கவில்லை. பிழையற்ற இந்தியும் ஆளற்ற வீடும் உடைய தம்மையே இறுதியில் எள்ளினார். பேராசிரியர் குறித்த இரண்டாம் வகை நகையை ஏட்டில் அன்றி நேரில் யாம் கண்டது அன்றுதான்.

எம் மகன் இம்முறை எம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் காய்கறிக் கடையில் நான்கு பேர் முன்னிலையில் எம் இந்தியைத் திருத்திய நாள்கள் பல. திருத்தியது குற்றமன்று, உடன் நின்று சிரிக்க எமக்கு அன்று தெரியவில்லை என்பதே குறை. யாம் வாளா வீடு திரும்பினோம். எம் தந்தையார் அரங்கில் முந்திச் சிரித்தார். யாம் கடையில் ஊமையானோம். இரண்டும் அச்சத்தின் வடிவங்களே.

சங்கங்கள் செய்யத்தக்கது

நம் குடும்பங்களில் பிள்ளைகள் பெற்றோரின் பேச்சைக் கேலி செய்வது புதிதன்று. அக்கேலி இன்று அடைத்த அறைகளில், வேற்றவர் நடுவே, சீட்டு விற்று நடக்கிறது. எள்ளப்படும் நாம் அங்கு இருப்பதில்லை. எள்ளப்படுவோர் இல்லாத அவையில் எள்ளல் கூர்மை இழந்து வெறும் பழக்கமாகிவிடும். தலையாட்டலும் இட்டிலியுமே மிஞ்சும். தந்தை எதிரில் அமர்ந்திருந்தால் முதல் இளைஞர் அப்பேச்சைப் பேசியிருப்பாரா? பேசினாலும், அத்தந்தைக்கு ஒரு தொழிலும் ஒரு சொல்லும் தந்திருப்பார் என்றே கருதுகிறோம்.

ஆதலின் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒன்று சொல்வோம். ஆண்டுவிழாவில் பட்டிமன்றத்துக்கு முன் அரைமணி நேரம் ஒதுக்குக. ஓர் ஒலிவாங்கியை நிறுத்தி, இங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞரை அழைக்க. தமிழ் தடுமாறினும், இந்தி கலப்பினும் குற்றமில்லை. நம்மைப் பற்றி நம் முன்னிலையில் அவர்கள் பேசட்டும். முதல் வரிசையில் அமர்ந்து கேட்கும் நெஞ்சுரம் நமக்கு வேண்டும். அவர்கள் நம் உச்சரிப்பை மட்டும் எடுத்தால், ‘தம்பி, எங்களிடம் இன்னும் சரக்கு இருக்கிறது, அதையும் எடு’ என்று சொல்லும் உரிமையும் அப்போது நமக்கு உண்டாகும். நேரம் முடிந்ததும் எரியும் அச்சிறு விளக்கையும் மறவாமல் வைக்க; தலைமையுரைக்கும் அது பயன்படும்.

அன்றிரவு கடைசி ரயிலுக்கு முந்திய ரயிலைப் பிடித்து வீடு சேர்ந்தோம். கதவைத் திறந்த எம் மனைவியார் வழக்கம்போல், “சாப்டீங்களா ரெண்டு பேரும்?” என்று கேட்டார்.

“பாடிட்டோம்மா” என்றான் எம் மகன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாம் இருவரும் வாசற்படியிலேயே நின்று நெடுநேரம் சிரித்தோம்.